வேலை செய்யாத கருவியும் அம்மாவின் இடுப்பும்

தண்ணீர் அசையவில்லை.

அல்ட்ராசவுண்ட் கருவியின் கைப்பிடியைத் தலைகீழாகத் திருப்பி, அதன் உலோக முகம் மேலே பார்க்கும்படி பிடித்திருந்தேன். பாட்டில் மூடியில் எடுத்த தண்ணீரை அதன் மேல் ஊற்றியிருந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் நேரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டு வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டும் வாழையிலையில் தெளித்த தண்ணீர் மாதிரி சும்மா இருந்தது.

அது சும்மா இருக்கக் கூடாது. நடுங்க வேண்டும். காயும் பாலின் ஓரம் போலக் குமிழ்விட்டு, பிறகு பொடிப்பொடியாகத் தெறிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த அதிர்வுதான் தோலுக்கு அடியில் போய்த் தசையைத் தளர்த்துகிறது என்பது கணக்கு.

துடைத்தேன். மறுபடி ஊற்றினேன். வயரைக் கழற்றி மாட்டினேன். மறுபடி ஊற்றினேன்.

"இன்னா நிவேதா, அதையே பாத்துக்கினு இருக்க?" என்றார் கலைவாணி அக்கா. ரெட்டியார்பாளையத்தில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தச் சின்ன பிசியோதெரபி கிளினிக் அவருடையது.

அக்கா கிட்டே வந்து குனிந்தார். அவருக்கும் இந்தச் சோதனை தெரியும். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் இருந்து என் அம்மாவின் குரல் வந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம்டி? குப்புறப் படுத்துக்கினு மூச்சு முட்டுது."

இன்னார் இன்ன வேலை

என் கருவிப் பையில் என்னென்ன இருக்கும் என்று சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். 'அதெல்லாம் சரி, நீ டாக்டரா, மெக்கானிக்கா?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இரண்டும் இல்லை. மருத்துவக் கருவிகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் வேலை. அதற்காகவே படித்தேன். உழவர்கரையில் தொடங்கி காலாப்பட்டு வரைக்கும் உள்ள கிளினிக்குகளுக்கு ஸ்கூட்டரில் போய்வருவேன்.

கல்லூரி ஆய்வகத்தில் முதல் நாள் எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான். திரை காட்டுவதை நம்பாதே, வெளியே வருவதை அள. நல்ல விதி. இன்றுவரை அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். அது கருவிகளுக்கான விதி, மனிதர்களுக்கும் பொருந்துமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். சின்ன வயதில் எனக்குப் பல்வலி வந்தால் அழுது ஊரைக் கூட்டுவேன். ஆட்டோ வந்து, ஏறி உட்கார்ந்து, ஆஸ்பத்திரி முனை திரும்பியதும் வலி நின்றுவிடும். அப்பா அதே ஆட்டோவில் திரும்பக் கூட்டிவருவார். வீட்டு வாசலில் இறங்கும்போது மறுபடி வலிக்கும். நடித்தேன் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நான் நடிக்கவில்லை. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பாரிஸ் வரை உட்கார வேண்டும்

அம்மா பல வருடங்கள் தட்டாஞ்சாவடியில் ஒரு மாத்திரைக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இருந்தாள். நின்றுகொண்டே செய்யும் வேலை. வேலையை விட்டாள், வலி விடவில்லை. அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மாவின் இடுப்பைச் சேர்த்தால் மூன்று. அந்த அளவுக்கு அதைப் பற்றிப் பேச்சு இருக்கும்.

எலும்பு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். வில்லியனூர் பக்கம் ஒரு வைத்தியரின் எண்ணெய் வந்தது. வீடு முழுக்க ஒரு மாதம் அதன் வாடை, தலையணையில்கூட. பிறகு இடுப்புப் பட்டை. எதற்கும் அம்மா ஒரே தீர்ப்புதான் சொன்னாள். "எனக்கு இது கேக்காதுன்னு அப்பவே தெரியும்."

அந்த நேரத்தில்தான் பெரியம்மாவின் செய்தி வந்தது. அம்மாவின் அக்கா. பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதாவது அந்த நாட்டுக் குடியுரிமை, உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்து, கல்யாணமான கையோடு பாரிஸ் பக்கம் போனவள். நான் அவளை நேரில் பார்த்தது ஒரே தடவை, அதுவும் ஒரு கல்யாண வீட்டின் சந்தடியில். வயிற்றில் கட்டி, அறுத்து எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா இல்லை. பிள்ளைகள் வேறு ஊர்களில். போனில் பெரியம்மா அம்மாவிடம் கேட்டது இவ்வளவுதான்: "உள்ள கூட்டிக்கினு போறப்ப நீ பக்கத்துல இருப்பியா?"

அம்மா "வரேன்" என்றாள். போனை வைத்த பிறகு நாற்காலியில் இருந்து எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டாள்.

விசா வந்தது, டிக்கெட் வந்தது. வீட்டு சோபாவில் ஒரு சீரியல் முடியும்வரை உட்கார முடியாத மனுஷி விமானத்தில் இரவு முழுக்க எப்படி உட்காருவாள்? நான்தான் கலைவாணி அக்காவிடம் கூட்டிப்போனேன். அப்போது தீபாவளி முடிந்த சமயம்.

"எம்பொண்ணு வெச்ச மிஷின்"

கட்டிலில் ஏறுவதற்கு முன்பே அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இதுல எது நீ வெச்சது?"

அந்த அல்ட்ராசவுண்ட் கருவியைக் காட்டினேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொருத்தியது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னாள். "எம்பொண்ணு வெச்ச மிஷின்."

பக்கத்துக் கட்டில்காரர் பிரான்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. கிளினிக்கில் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. "அப்படியா? உங்க பொண்ணு மிஷின் ரொம்ப சுடுதும்மா, கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க" என்றார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சுட்டாத்தான் முசியே கேக்கும்."

கலைவாணி அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கருவியைப் போடுவதற்கு முன்னால் உள்ளங்கையை முதுகில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "இங்கதானே?" என்று கேட்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். பிறகு குளிர்ந்த ஜெல். பிறகு கைப்பிடி முதுகில் வட்டமாகச் சுற்றும். நேரம் முடிந்ததும் 'பீப்' என்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா பெருமூச்சு விடுவாள், பாரம் இறக்கிவைத்த மாதிரி.

சில வாரங்களில் அம்மா முழு சீரியலும் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு பஸ்ஸில் கடலூர் வரைக்கும் போய்வந்தாள். குனிந்து கோலம் போட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. நான் வைத்த கருவி.

திரைக்கு அந்தப் பக்கம்

மீண்டும் அந்தப் பகலுக்கு வருகிறேன். வருடாந்திரச் சோதனைக்காக நான் போயிருந்தேன். சிட்டிங் இருந்ததால் அம்மாவும் ஸ்கூட்டரில் கூட வந்திருந்தாள்.

"எப்பத்திலிருந்து இப்படி?" என்று அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

அக்கா யோசித்தார். கருவியின் பக்கவாட்டைப் பார்த்தார். அங்கே சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஆயுத பூஜை" என்றார். "எல்லாத்தையும் தொடச்சு பொட்டு வெச்சோம்ல. அப்ப கை நழுவி ஹெட்டு தரையில விழுந்துச்சு. ஆனா நிவேதா, எடுத்துப் போட்டுப் பாத்தேன், லைட்டு எரிஞ்சுது. டைம் ஓடுச்சு. பீப்பு வந்துச்சு. பூஜை அன்னிக்கி ஒண்ணும் ஆவலயேன்னு கும்புட்டுட்டு வெச்சுட்டேன்."

உள்ளே அதிர்வை உண்டாக்கும் படிகம் அன்றைக்கே விரிசல் விட்டிருக்கும். இந்தப் பழைய மாடலில் அதைச் சொல்ல விளக்கு கிடையாது. நல்ல நிலையில் இருக்கும்போதே நோயாளிக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. அதனால் கெட்ட பிறகும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சுடுகிறது என்று சொன்ன முசியேவைத் தவிர.

ஆயுத பூஜை முதலில். தீபாவளி பிறகு. அம்மா வந்தது அதற்கும் பிறகு. அம்மாவின் முதுகில் இந்தக் கருவி ஒரு நாள்கூட வேலை செய்திருக்கவில்லை.

"கலை, நானே வந்து மிஷின எடுத்துக்கட்டுமா?" என்றாள் அம்மா உள்ளிருந்து.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அந்தச் செத்த கைப்பிடியை எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போனார். "இங்கதானேம்மா?" என்ற குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து பீப். பிறகு அம்மாவின் பெருமூச்சு.

வெளியே வந்தவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "இன்னிக்கி ரொம்ப நல்லா இருந்துச்சு. நீ இன்னாத்தையோ சரி பண்ணியா?"

ஐந்தாவது எண்

எனக்குப் பட்டியல் போடாமல் யோசிக்க வராது. அன்று மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது மனதுக்குள் போட்டுப் பார்த்தேன்.

1. காலம். இடுப்பு வலி பல பேருக்குத் தானாகவே குறையும். இருக்கலாம். ஆனால் அத்தனை வருடங்கள் குறையாதது இப்போது மட்டும் ஏன்?

2. அக்கா சொல்லிக்கொடுத்த பயிற்சிகள். இருக்கலாம். ஆனால் அம்மா அவற்றைச் செய்வதைவிடச் செய்துவிட்டதாகச் சொல்வதே அதிகம்.

3. அக்காவின் உள்ளங்கை. அளக்க என்னிடம் கருவி இல்லை.

4. கேட்கும் என்ற எதிர்பார்ப்பு. இதைப் பாடத்தில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். எண்ணெய்க்கும் பட்டைக்கும் இல்லாத எதிர்பார்ப்பு இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்பது பாடத்தில் இல்லை.

5.

ஐந்துக்கு நேராக எதுவும் வரவில்லை. ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. துணியெல்லாம் மடித்த பிறகும் தோன்றிக்கொண்டே இருந்தது.

வெளியே வருவதை அள என்பதுதான் விதி. சரி. கருவியில் இருந்து வெளியே வந்தது ஒன்றுமில்லை. அம்மாவிடமிருந்து வெளியே வந்தது கடலூர் போய்வந்த ஒரு நாள். இரண்டில் எதை அளவு என்று எழுதுவது?

புதுத் தலை

கெட்டது என்று தெரிந்த கருவியை நோயாளியின் மேல் ஓடவிட முடியாது. அக்காவும் அதையேதான் சொன்னார். அடுத்த சில நாட்களில் புதிய தலைப்பகுதி வந்தது. நானே பொருத்தினேன். தண்ணீர் ஊற்றினேன். அது துள்ளியது. புகையாய்த் தெறித்தது. என் கண்ணாடியிலும் பட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

முசியே முதல் நாளே புகார் சொன்னார். "இது சுடவே இல்லியே."

அம்மா கட்டிலில் படுத்தபடியே கேட்டாள். "கலை, கைப்பிடி ஏன் நீலக் கலர்ல இருக்குது? பழசு எங்க?"

"பழசு ரிப்பேரும்மா. இது புதுசு. இன்னும் நல்லாக் கேக்கும்."

"பழசுக்கு இன்னா கேடு? நல்லாத்தான இருந்துச்சு?"

ஒரு வாரத்தில் அம்மா மறுபடி சுவரைப் பிடித்து எழ ஆரம்பித்தாள். சீரியல் பாதியில் போய்ப் படுத்தாள். புது மிஷின் ஒன்றும் செய்யவில்லை என்றாள். பயணத்துக்கு அதிக நாள் இல்லை. பெரியம்மா போனில் தினமும் "பெட்டி கட்டிட்டியா?" என்று கேட்டாள். ஒரு நாள் அம்மா போனை என் கையில் திணித்துவிட்டு ஜாடை காட்டினாள், தூங்குகிறாள் என்று சொல்லச் சொல்லி. அதுவரை அம்மா என்னைப் பொய் சொல்லச் சொன்னதில்லை.

"டிக்கெட்ட மாத்த முடியுமா பாரு" என்றாள் பிறகு. "என்னால அவ்ளோ தூரம் உக்கார முடியாது நிவேதா. அங்க போயி நானும் ஒரு நோயாளியா விழுந்தா அக்காவ யாரு பாப்பா?"

கலைவாணி அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"சொல்லாத" என்றார் அக்கா. "சொன்னா இருக்கறதும் போயிடும். இன்னும் ரெண்டு சிட்டிங் நான் பாத்து, பேசிப் பேசி பிளேன் ஏத்தி வுடறேன்."

"பழசே போட்டுடலாமான்னு தோணுதுக்கா."

"எனக்கும் தோணுச்சு" என்றார். "அதான் பயமா இருக்குது."

அவர் சொன்னது சரி என்று பட்டது. வீடு வந்து சேரும்வரை பட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பருப்புப்பொடி டப்பாக்களுக்கு நடுவே

கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. பெரியம்மாவுக்கான பருப்புப்பொடி, வடகம், கருவாடு எல்லாம் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தன. போகாவிட்டாலும் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று அம்மா கட்டிக்கொண்டிருந்தாள். கருவாட்டு வாடை பெட்டிக்கு வெளியே வராமல் இருக்க டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜை, தண்ணீர், படிகம், பச்சை விளக்கு. என் வழக்கப்படி ஒன்று, இரண்டு என்று வரிசையாக.

அம்மா டேப்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப எனக்கு வலியே இல்லன்றியா?"

"இல்லம்மா. வலி இருந்துச்சு."

"அப்ப வலி போனது பொய்யா?"

"அதுவும் இல்ல. போனது நெசம்தான். மிஷின் மட்டும்தான்..."

"கம்பெனில நான் நின்னது பொய்யா? நைட்டெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தது?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்கப்பாகூட ஒரு தடவ சொன்னாரு, எல்லாம் உன் மனசுதான்னு. அவரு படிக்கல. நீ படிச்சிட்டுச் சொல்ற."

பல்வலியோடு ஆட்டோவில் திரும்பிவந்த சிறுமி எனக்குள் எங்கோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் நடிக்கவில்லை என்று அன்றைக்கு நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

"மனசுன்னு நான் சொல்லலம்மா" என்றேன். "எனக்குத் தெரியலன்னு சொல்றேன். மிஷின்ல ஒண்ணும் வரல, அது தெரியும். உனக்கு நல்லாச்சு, அதுவும் தெரியும். நடுவுல நடந்தது எனக்குத் தெரியல."

அம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அந்த 'தெரியல' என் வாயில் அவள் அதிகம் கேட்டிராத சொல்.

"அந்தப் பழசு எங்க?"

"என் பையில."

"எடுத்துட்டு வா."

"அம்மா, அது வேலை செய்யாதுன்னு இப்பத்தான சொன்னேன்."

"சொன்ன. எடுத்துட்டு வான்றேன்."

பாயை விரித்துக் குப்புறப் படுத்தாள். நான் பையில் இருந்து அந்தக் கைப்பிடியை எடுத்தேன். அறுந்த வால் மாதிரி வயர் தொங்கியது. சோதனைக்காக எப்போதும் வைத்திருக்கும் ஜெல்லும் இருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உள்ளங்கையை அவள் முதுகில் வைத்தேன். பழக்கம் இல்லாத கை. அம்மாவின் முதுகை அப்படிக் கை வைத்து நான் தொட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"இங்கதானே?"

"கொஞ்சம் கீழ."

ஜெல் பட்டதும் சிலிர்த்தாள். வட்டமாகச் சுற்றினேன். வெறும் இரும்பு, வெறும் ஜெல். இரண்டு பேருக்கும் தெரியும். வெளியே காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி தெருமுனை திரும்பிப் போனது.

"ரொம்ப வேகமா சுத்துற நீ" என்றாள் தரையைப் பார்த்தபடி. "கலை மெல்லத்தான் சுத்தும்." கொஞ்ச நேரம் கழித்து, "சத்தம் வைக்கலியா?"

"எந்தச் சத்தம்?"

"முடிஞ்சா வருமே, அது."

கைபேசியை எடுத்து அலாரம் வைத்தேன். மறுபடி சுற்றினேன். அது அடித்ததும் அம்மா பெருமூச்சு விட்டாள், கிளினிக்கில் விடுவது போலவே. புரண்டு, கையூன்றி, சுவரைத் தொடாமல் எழுந்தாள். இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று தெரிந்தது.

"பரவால்ல" என்றாள். குனிந்து டேப்பை எடுத்தாள். "டிக்கெட்ட மாத்த வேணாம்."

பாரிஸிலிருந்து

தினமும் செய்தோம். புறப்படும் நாள் வரை. கைப்பிடியைத் துணியில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள். விமான நிலையத்தில் பையைச் சோதனை செய்தவர் இது என்ன என்று கேட்டாராம். இடுப்பு மிஷின் என்றாளாம். வேலை செய்யுமா என்று கேட்டாராம். செய்யும் என்றாளாம். போனில் இதைச் சொல்லும்போது அம்மா சிரித்தாள். நான் சிரித்தேனா என்பது நினைவில்லை.

பெரியம்மாவை உள்ளே கொண்டுபோகும்போது அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்திருக்கிறாள், அனுமதிக்கிற கதவு வரைக்கும். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில நாள் கழித்து மறுபடி பேசினாள்.

"அக்காவுக்குப் படுத்துப் படுத்து முதுகு புடிச்சிக்கிச்சு. நம்ம மிஷின வெச்சுத் தேச்சுவுட்டேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எப்படி இருந்துச்சாம்?"

"ஒண்ணியுமே தெரியலன்றா. வெறும் சில்லுனு இருக்குதாம். எடுடி இதன்னுட்டா."

எனக்கு ஒரு நிமிடம் பெரிய நிம்மதி. இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு சோதனை நான் படித்தபடி விடை தந்திருக்கிறது. அந்தக் கருவியில் ஒன்றும் வரவில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அது இல்லடி" என்றாள் அம்மா. பின்னால் அந்த ஊர்ப் பஸ் ஏதோ போகும் சத்தம் கேட்டது. "அவளுக்கு உன்ன அவ்வளவாத் தெரியாதில்ல. அதான்."